நீ நிறுத்திய மருந்து

இதை யார் எடுத்துப் படித்தாலும் தயவுசெய்து அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள். என் அக்காவுக்கு எழுதுகிறேன். அவள் இப்போது உயிரோடு இல்லை.

என் செல்ல அக்கா,

நீ போய் மூன்று மாதம் கழித்து அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. கேன்சர் என்றார்கள். எந்த நோய்க்கு மருந்து தேடி வருஷக்கணக்காக லேபில் உட்கார்ந்திருந்தாயோ, அதே நோய். உனக்குத் தெரியுமா அக்கா?

மதுரையில் இரண்டு தடவை கீமோ ஏற்றினார்கள். அம்மா முடியெல்லாம் கொட்டி, வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள். அப்பாவால் பார்க்க முடியவில்லை. "சிறுமலைச் செடியில் புற்றுநோய்க்கு மருந்து: திண்டுக்கல் மாணவி சாதனை" என்று உன் போட்டோவோடு பேப்பரில் வந்ததை லேமினேட் செய்து ஹாலில் மாட்டினாரே, அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் தோட்டத்து மல்லிகையை நிலக்கோட்டைப் பூச்சந்தை வேனில் ஏற்றிவிட்டு, நேராகச் சிறுமலைக்குப் போய் ஒரு சாக்கு நிறைய அந்த இலையோடு வந்தார். தினமும் கசாயம் போடுவது என் வேலை.

முதல் நாள் அம்மா முகத்தைச் சுளித்தாள். "என்னா கசப்பு! கண்டுபிடிச்சவ கொஞ்சம் இனிப்பாக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே சொட்டு விடாமல் குடித்தாள்.

அந்தச் செடியின் மூலக்கூறு கேன்சர் செல்லின் புரதத்தில் போய் உட்காருவதை கம்ப்யூட்டரில் காட்டினாயே. "பூக் கட்டுறப்ப காம்பு முடிச்சுக்குள்ள நிக்கிற மாதிரி நிக்குது பாரு பவி" என்றாய். அந்த நினைப்பில்தான் உன் லேப் நோட்டை எடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம் வரை வந்தேன். கண்ணாடித் தட்டில் கேன்சர் செல் செத்தது, நல்ல செல்லும் அதே அளவு செத்தது, இது மருந்து ஆகாது, நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

ஏன் அக்கா அப்பாவிடம் சொல்லவில்லை? அவர் அதை ஹாலில் மாட்டியதைப் பார்த்த பிறகு மனசு வரவில்லையா?

எனக்கும் வரவில்லை. அன்றிலிருந்து இலையைக் கொல்லையில் புதைத்துவிட்டு, வெந்தயத்தைக் கருக வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன். நிறம் கிட்டத்தட்ட அதேதான். கசப்பும் இருக்கிறது. அம்மா கொஞ்சம் தேறிவிட்டாள். கீமோ ஏற்றி நாளாகிவிட்டதால் வாந்தி தானாக நின்றிருக்கும். ஆனால் மகள் மருந்து வேலை செய்கிறது என்று அப்பா தெருவெல்லாம் சொல்கிறார்.

மூன்றாவது கீமோ நாளைக்கு. இன்று சாப்பிடும்போது, போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"டாக்டரு கண்டிப்பா வரச் சொன்னாரேப்பா."

"உங்கக்கா பேப்பர்ல வந்தவ. நீ பத்தாப்பு கணக்குக்கே திண்டாடுறவ. பேசாம சாப்பிடு."

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "அந்த ஊசி வேணாம்டி. எம்புள்ள குடுத்ததே போதும்."

சொன்னால், உன்னைப் பற்றி அப்பாவிடம் மிச்சமிருப்பதையும் பிடுங்கிக்கொள்வேன். இம்புட்டு நாள் நான் ஏமாற்றியதும் தெரிந்துபோகும். சொல்லாவிட்டால் அம்மா? நிறுத்த வேண்டும் என்று எழுதியதும் உன் ஆராய்ச்சிதான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, நாளைக்கு அம்மாவை மதுரை பஸ்ஸில் ஏற்றாமல் விடமாட்டேன். எப்படியென்று மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள்.

"பவி, இன்னுமா முழிச்சிருக்க? தொற."

அப்பாதான். உன் நோட்டு மேஜை மேல் அந்தக் கடைசிப் பக்கத்தில் திறந்தே கிடக்கிறது. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

உன் தங்கச்சி
பவி