மூடி வைத்த லெப்டொப்பும் பஞ்சு ஆப்பமும்

ஜூலை 3, புதன்

இவர் பெரிய ஸ்கிரீன் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் லெப்டொப்பை மூடி, ஹோல் அலுமாரியின் கீழ்த்தட்டில் தள்ளிவிட்டார். மூடியபடியே ஓடுமாம். வயர்கள் மட்டும் பின்பக்கத்தால் வெளியே. "தொறந்து போட்டா ஊடு ஃபோட்டோகொப்பி அடிக்கிற கொமியுனிகேஷன் கடை மாதிரி ஈக்கிது, ஷஹ்மா. ஆக்கள் வந்து போற எடம்."

மாமி அதன்மேல் லேஸ் துணி விரித்து அலுமாரிக் கதவையும் சாத்தினார். இந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் உடுப்பு உண்டு.

ஜூலை 5, வெள்ளி

நான் வரையும் வீட்டுப் பிளானில் ஒரு சுவரை நகர்த்தினால் அது தேநீர் குடித்துவிட்டு வருகிறது. அலுமாரிக்குள் ஃபேன் அரிசி மில் போல இரைகிறது. மூடிவிட்டால் சூடு எங்கே போகும்? இவரிடம் சொன்னேன். "பழைய சாமான், அதான்" என்றார். போன மாதம் வரை நன்றாகத்தானே ஓடியது!

ஜூலை 6, சனி

ஹோலில் புளித்த நாற்றம். இவருடைய சொக்ஸைத் தேடி எடுத்து வெளியே எறிந்தேன். நாற்றம் போகவில்லை. சீ.

காலையில் ஆப்பம். "இந்த மழைக்கும் பஞ்சு மாதிரி!" என்று இவர் மாமியைப் புகழ்ந்தார்.

ஜூலை 8, திங்கள்

எனக்குப் பிளான் வேலை தரும் சந்திரிகா மிஸ் கண்டி ஒபிஸிலிருந்து பேசினார். வத்தேகம வீட்டுப் பிளான் இரண்டாம் முறையும் பிந்திவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இனி வேறு ஆளிடம் கொடுப்பாராம். எனக்கென்று இருப்பது இந்த ஒரு வேலைதான். அதுவும் போனால்?

ஜூலை 9, செவ்வாய்

ஸ்கிரீன் அணைந்தது. அலுமாரியைத் திறந்தேன்.

லெப்டொப் மேல் ஆப்பமாச் சட்டி. மா பொங்கி, லேஸ் துணியை நனைத்து, பின்பக்கக் காற்றுத் துளைகள் வரை வழிந்து, காய்ந்து, மஞ்சளாய்ப் படிந்திருந்தது.

மாமி பயந்துவிட்டார். "குளிருக்கு மா பொங்குதில்ல மகள், இதுக்குள்ள சூடா ஈந்திச்சி. மூடித்தானே ஈக்கி, ஓடுதுண்டு ஆருக்குத் தெரியும்?"

அவரில் என்ன பிழை? மூடினால் ஓய்ந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இவர் சிரித்தார் — விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் மாவைவிட அருவருப்பு. நான் பிச்சை கேட்கவில்லையே, காற்றுத்தானே கேட்டேன்!

ஜூலை 10, புதன்

பிலிமத்தலாவைக் கம்பியூட்டர் கடையில் கழற்றித் துடைத்துத் தந்தார்கள். உயிர் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இவர் மறுபடியும் மூடி உள்ளே வைத்தார். "இனி சட்டி வெக்க மாட்டாங்க தானே?" மனிதர்!

ஜூலை 11, வியாழன்

மாமி சட்டியும் கையுமாக நின்றார். "வேற எங்க மகள் சூடா ஈக்கி?"

கேட்டதற்குப் பதில் சொன்னேன். "டிவிக்குக் கீழ ஈக்கிற டிஷ் பெட்டி, மாமி."

ஜூலை 12, வெள்ளி

கிரிக்கெட் நடுவில் டிவி நின்றது. பெட்டி மேல் லேஸ் துணி, துணி மேல் சட்டி, சட்டியிலிருந்து மா. இவர் குதித்தார். "சூடு போற எடத்த அடச்சி வெச்சா சாமான் என்னத்துக்கு ஆகும்?"

நான் அலுமாரிக் கதவைப் பார்த்தேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு அலுமாரியைத் திறந்து, லெப்டொப்பை எடுத்து மேசை நடுவில் விரித்து வைத்தார்.

பின்னேரம் பிளானை அனுப்பிவிட்டேன். மிஸ் அடுத்த வீட்டின் அளவுகளை அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 14, ஞாயிறு

கடுகண்ணாவையிலிருந்து இவருடைய சாச்சா குடும்பம் வந்து போனது. லெப்டொப் திறந்தே இருந்தது. இவர் மூடச் சொல்லவில்லை. சூடில்லாமல் மா பொங்கவில்லை; ஆப்பம் கல்லு மாதிரி, எல்லோரும் சாப்பிட்டார்கள்.