அப்பா போட்ட கோடு

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதேபோல் இருக்க வேண்டும். எப்போதும் இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், மனம் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எழுதினேன். அப்பா சுகமாக இருக்கிறார். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது, அதனால் இன்னொரு தடவையும் எழுதிக்கொள்கிறேன், அப்பா சுகமாக இருக்கிறார்.

போன மாதம் நீ போனில், அப்பாவுக்கு என் மேல ஏதாவது கோபமா, ரெண்டு வார்த்தை பேசிட்டு உன்கிட்ட குடுத்துடறாரே என்று கேட்டாய். அதெல்லாம் ஒண்ணுமில்லடி, தொண்டை கட்டிக்கிச்சு என்று நான் மழுப்பினேன். எனக்கே அப்போது காரணம் தெரியாது. இப்போது தெரியும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ பயந்துபோய் லீவு போடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எல்லாத்தையும் எழுது, ஆனா என்னை ரொம்ப அசடா காட்டாதே என்றார். அது என் கையில் இல்லை.

உனக்குத் தெரியும், நீ வாங்கிக் கொடுத்த அந்த ஆட்டோமேட்டிக் காரை அப்பா நிறுத்துகிற அழகு. முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்த கை, சும்மா இருக்குமா. கீழே லிஃப்ட் பக்கமாக லேசாகச் சரிந்திருக்கிற நம் இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார், தினம் சாயங்காலம் முன் சக்கரம் அந்தக் கோட்டில் தொட்டும் தொடாமல் நிற்க வேண்டும். எட்டிப் பார்க்காமல் கொண்டுவந்து நிறுத்துவார், இறங்கி வந்து குனிந்து பார்ப்பார், முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம்தான் மாடிக்கு வருவார். ஹேண்ட்பிரேக் மட்டும் போட மாட்டார். ஒரு மழைக்காலத்தில் அது இறுகிப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் வந்து சக்கரத்தைத் தட்டி எடுத்தாரே, அதிலிருந்து கியரை பார்க்கிங்கில் போட்டால் போதும், ஹேண்ட்பிரேக் வேண்டாம் என்று பிடிவாதம். தான் போடாதது போதாதென்று கட்டடத்தில் எல்லோருக்கும் அதையே பாடம் எடுத்தார். அவர்கள் கார் வாங்கியதும் அவர் பேச்சைக் கேட்டுத்தான். அவர் புகழ்ந்த புகழ்ச்சியில் மூன்றாவது மாடி ஆடிட்டர், முதல் மாடி பேக்கரிக்காரர், நம் எதிர்வீட்டு நர்ஸ் பொண்ணு மூன்று பேரும் அதே கம்பெனி, அதே மாடல் வாங்கினார்கள். ஆடிட்டரை உனக்கு நினைவிருக்கும், எதற்கெடுத்தாலும் குறுக்கே பேசுகிறார் என்று சின்ன வயதில் நீதான் ஆட்சேபணை மாமா என்று பேர் வைத்தாய். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குள் அவருக்கு அதுதான் பேர்.

ரெண்டு மூன்று மாதமாகவே அப்பா சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு எடுக்கிற டிராயிங் கிளாஸை, எனக்கு அலுப்பா இருக்கு என்று நிறுத்தினார். ஒரு நாள் கார் சாவியை என் கையில் திணித்து, நீ டிரைவிங் கத்துக்கோ, ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கறது நல்லது என்றார். நான் நாள் பூராவும் லேபில் அடுத்தவர்களுக்குப் பல் செட் செய்துவிட்டு முதுகு ஒடிந்து வருகிறவள், இந்த வயசில் எனக்கு எதுக்கு ஸ்டியரிங் என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும், உன் அப்பா பதிலுக்குக் கத்தாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா. இன்னொரு நாள் வேலை விட்டு வரும்போது கீழே பையிலிருந்து வீட்டுச் சாவி விழுந்தது, எடுக்கக் குனிந்தால் நம் கார் நிற்கிற இடத்தில் ஈரத் துணியால் துடைத்த மாதிரி மங்கலாகக் கோடு கோடாகத் தெரிந்தது, ஒன்றுக்கு முன்னால் ஒன்று, லிஃப்ட் பக்கமாக. பிள்ளைகள் கிறுக்கியிருக்கும் என்று நினைத்தேன். மேலே வந்து அப்பாவிடம் சொன்னதற்கு, உனக்கு வேற வேலையே இல்லையா என்று எரிந்து விழுந்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் கார் கம்பெனியிலிருந்து நான்கு வீட்டுக்கும் தகவல் வந்தது. கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு ஒரு தண்டு போகிறதாம், டிரைவ் ஷாஃப்ட் என்கிறார்கள், அதன் முனையில் பல் பல்லாக இருக்குமாம், அந்தப் பல் சீக்கிரம் தேய்கிறது, வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு வீட்டுக்காரர்களும் கீழே கார் பக்கத்தில் கூடிவிட்டோம். ஆட்சேபணை மாமா வழக்கம்போல ஆரம்பித்தார். இத்தனை வருஷமா ஓடுது, ஒரு சத்தம் உண்டா, நல்லா இருக்கிற வண்டியக் குடுத்துட்டு நட்டு குறைஞ்ச வண்டியத் திரும்ப வாங்கறதா, ஒரு தடவை கழட்டினது பழையபடி சேராது சார், நான் குடுக்கறதா இல்லை என்றார். பேக்கரிக்காரர் பாவம், தப்புன்னு அவங்களே ஒத்துக்கறாங்க, குடுக்கறதுதான் சரி, ஆனா ரெண்டு நாள் வண்டி இல்லேன்னா கடைகளுக்கு ரொட்டிய நான் தலையில வச்சா சுமக்கறது என்றார். நர்ஸ் பொண்ணு, அடிபட்டு வர்றவங்களை தினம் பாக்கறேன், எல்லாரும் இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னுதான் சொல்லுவாங்க என்றாள். அதற்கு மாமா, உன் தொழில் அப்படிம்மா, எதைப் பாத்தாலும் கட்டு போடத் தோணும் என்றார். அவள் முகம் சிவந்துவிட்டது. பேச்சு ஏறிக்கொண்டே போனது.

அப்பா வாயே திறக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் அந்தத் தண்டு, பல்லு, பெட்டி எல்லாவற்றையும் தரையில் வரைந்து பாகம் குறித்திருப்பார். அன்றைக்கு யாருக்கோ வந்த விருந்து மாதிரி சுவரோரமாக நின்றிருந்தார். மாஸ்டர் நீங்க சொல்லுங்க, உங்களை நம்பித்தானே வாங்கினோம் என்று பேக்கரிக்காரர் கேட்டதற்கும், எனக்கென்ன தெரியும், எல்லாரும் சொல்றபடி செய்யலாம் என்றார். சின்னக் குரல். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் பொண்ணு, யாரும் முழுசாப் படிக்கவே இல்லை, நான் படிக்கறேன் கேளுங்க என்று தன் போனில் வந்த தகவலைச் சத்தமாகப் படித்தாள். முக்கால்வாசி எங்களுக்குப் புரியாத சமாசாரம். நடுவில் ஒரு வரி வந்தது. பல் தேய்ந்த வண்டிகள், சரிவான இடத்தில் ஹேண்ட்பிரேக் போடாமல் நிறுத்தியிருந்தால், பார்க்கிங் கியரில் இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரக்கூடும் என்று. அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அப்பா, அதை மறுபடி படிம்மா என்றார். படித்தாள். இன்னொரு தடவை என்றார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே திரும்பவும் படித்தாள். அப்பா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலியோ என்று பக்கத்தில் ஓடினேன். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, ரெண்டும்தான் என்று அப்புறம் தெரிந்தது.

விஷயம் இதுதான் குட்டிம்மா. சாயங்காலம் கோட்டில் கச்சிதமாக நிறுத்தி, குனிந்து பார்த்துவிட்டு வருவாராம். காலையில் போனால் சக்கரம் கோட்டைத் தாண்டி விரல் அகலம் முன்னால் நிற்குமாம். நேற்று சரியாக நின்றதைப் பார்த்தோமே, இல்லை, பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா என்று குழம்பிப்போவாராம். யாருக்கும் தெரிய வேண்டாமென்று பழைய கோட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டு சக்கரம் நிற்கிற இடத்தில் புதுக் கோடு போட்டுவிடுவாராம். மறுநாள் அதையும் தாண்டியிருக்கும். ஒரு நாள் அரை விரல், ஒரு நாள் ஒன்றுமே இல்லை, ஒரு நாள் ரெண்டு விரல். வண்டி நகர்ந்துட்டு இருந்திருக்கு, நான் என் புத்திதான் நகருதுன்னு நெனச்சேன் என்றார் என்னிடம், எல்லார் முன்னாலும்.

உன் பெரியப்பா கடைசியில் எப்படி ஆனார் என்று உனக்குத் தெரியும். கூடப் பிறந்த தம்பியைப் பார்த்து, சார் யாரு, எங்க வேலை பாக்கறீங்க என்று கேட்டாரே. அதை அப்பா மறக்கவே இல்லை. தனக்கும் அதுதான் ஆரம்பித்துவிட்டது என்று இத்தனை நாளும் மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். பேசினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் போனை என்னிடம் கொடுத்தார். பிள்ளைகள் முன்னால் கோடு கோணிவிடும் என்றுதான் கிளாஸை நிறுத்தினார். எனக்குச் சாவியைக் கொடுத்ததும் அதற்குத்தான். அட மனுஷா, வண்டி மேல ஒரு தடவைகூட சந்தேகம் வரலையா என்று கேட்டேன். அது என் பொண்ணு வாங்கிக் குடுத்த வண்டி, அது மேல எப்படி சந்தேகப்படறது என்றார். இதைக் கேட்டபின் நான் அவரை என்னவென்று திட்டுவது, நீயே சொல்.

அப்புறம் அப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, மங்கிக் கிடந்த கோடுகள் மேலேயே ஒவ்வொன்றாக வரைந்தார். முதல் கோடு எங்கே, இன்றைக்கு வண்டி எங்கே என்று பார்த்தால் ஒரு முழத்துக்கு மேல் வந்திருந்தது. வண்டிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். லிஃப்ட் ஓரத்தில் நர்ஸ் பொண்ணு குழந்தையின் தள்ளுவண்டி. வேலைக்குக் கிளம்பும்போது குழந்தையை அதில் உட்கார வைத்துவிட்டுத்தான் அவள் மறந்த பையை எடுக்க லிஃப்டில் மேலே ஓடுவாள். ஒரு நாள் மொத்தமாக வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். அப்பா தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு போய் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தார். ஆட்சேபணை மாமா குனிந்து அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு நேராக நர்ஸ் பொண்ணிடம் போய், நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா என்றார், தன் காருக்குப் போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஆட்சேபணை இல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான்கு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக சர்வீஸுக்குப் போய் வந்தன. பேக்கரிக்காரர் வண்டி உள்ளே இருந்தபோது மாமாவும் அப்பாவும் மாற்றி மாற்றி அவருடைய ரொட்டியைக் கடைகளுக்கு ஏற்றிப் போனார்கள், ரெண்டு பேரும் ரொட்டி வாசனையோடு வீட்டுக்கு வந்தார்கள், பார்க்க எனக்குச் சிரிப்பாக வந்தது. நம் வண்டியில் கழற்றிய தண்டை மெக்கானிக் காட்டினார். பல் என்றால் எனக்குத் தெரியாதா, ஒரு பக்கம் மழுங்கி வழவழவென்று இருந்தது. அதைப் பார்த்து, நல்லவேளை நீ தேஞ்சே என்று மனசுக்குள் சொன்னேன். தேய்ந்தது அதுவாகப் போனதே, அவரில்லையே.

அதோடு நான் விட்டுவிடவில்லை, எனக்கு நிம்மதி வேண்டாமா, டாக்டரிடமும் கூட்டிப்போனேன். அவர் ஏதேதோ கேட்டார், கணக்குப் போடச் சொன்னார், ஒரு கடிகாரம் வரைந்து காட்டச் சொன்னார். அப்பா கடிகாரம் வரைந்து, கண்ணாடி மேல் வெளிச்சம் விழுவதை வரைந்து, சுவரில் அதன் நிழலையும் போட்டு, சார் பென்சில் கொஞ்சம் மொக்கையா இருக்கு, இதுக்கு மேல வராது என்றார். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். டாக்டர் சிரித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை மட்டும் மாத்துங்க மாஸ்டர், மத்ததெல்லாம் என்னைவிட நல்லா இருக்கு என்று அந்தக் காகிதத்தைத் தானே வைத்துக்கொண்டார். காரில் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன், அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

எனக்கு இப்போது யார் யாருக்கு நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. எதையும் முழுசாகப் படிக்கிற அந்த நர்ஸ் பொண்ணுக்கு, தப்பை ஒளிக்காமல் ஒத்துக்கொண்ட அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு, அப்பா ஏன் பேசவில்லை என்று விடாமல் நச்சரித்த உனக்கு. நீ கேட்டதால்தான் நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். வண்டியில் குறை என்று ஊரெல்லாம் திட்டும்போது அந்தக் குறைக்கு நன்றி சொல்கிற வீடு நம் வீடு ஒன்றுதான் இருக்கும்.

நீ வாங்கிக் கொடுத்த வண்டி இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்படாதே, அது எங்களை ஒரு நாளும் நடுவழியில் விட்டதில்லை. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்குப் பனி ஆகாது, காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல். உங்கள் வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் போட வேண்டும், இது அப்பா சொல்லச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார், சொல்வதற்கு நிறைய சேர்த்து வைத்திருக்கிறார், காதைத் தயாராக வைத்துக்கொள். நீங்கள் ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காமல், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். என் கையெழுத்துக்குக் கீழே குறுக்கே ஒரு கோடு இருக்கிறது பார், அது அப்பா போட்டது. ஸ்கேல் வைக்கவில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

————————————————————