ஜீவனின் பேனரில் உன் முகம்

அன்புள்ள மகன் கேவினுக்கு,

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே உன் அம்மாவின் முட்டிவலியும் என் வாயும் தவிர மற்றதெல்லாம் சுகம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டுகிறோம். வாட்சாப்பில் எழுதினால் கட்டைவிரல் படத்தைத்தான் அனுப்புகிறாய், அதனால் காகிதம்.

ஜீவனுக்குச் சிறுநீரகத்தில் கல், அவனை இறக்கிவிட்டு விண்கலத்தில் நம் நாட்டுக்குக் கிடைத்த அந்த ஒரே இருக்கையில் மாற்று ஆளாக இருந்த உன்னை ஏற்றுகிறார்கள் என்ற செய்தி வந்த அன்றே வீட்டுக்குக் கேக் வந்துவிட்டது. இத்தனை நாள் உன்னை ஸ்பேர் டயர் என்று கேலி செய்த சங்கத் தலைவர் குருதான் கொண்டுவந்தார். "அங்கிள், நான் அப்பவே சொன்னேன்லா, நம்ம கேவின்தான் விண்வெளிக்குப் போவான்னு" என்றார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு துண்டு தின்றேன், சர்க்கரை ஏறிவிட்டது. லோரி ஓட்டியவனுக்கு ஸ்பேர் டயரின் அருமை தெரியாதா. நீ ஆகாயப் படையில் யாரும் ஓட்டிப் பார்க்காத விமானத்தை முதலில் ஓட்டிப் பார்த்து இந்த இடத்துக்கு வந்தவன், நான் புது பிரேக்கைச் சோதிக்கப் போய் ஷா ஆலம் சாக்கடையில் இறங்கியவன். உன் மூளை தன் பக்கத்து மூளை என்று உன் அம்மா பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாள், நான் மறுப்பதில்லை.

சங்கத்துப் பேனருக்கு உன் படம் வேண்டும் என்று குரு கேட்டார், அனுப்பினேன், யார் செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன், தெருமுனையில் ஜீவனுக்குக் கட்டிய அதே பேனர், ஏணிமேல் சின்னையா. கிள்ளானில் பேனர் கடை வைத்திருக்கிறாரே, ஜீவனின் அப்பா, அவரேதான். தன் மகன் முகத்தின்மேல் உன் முகத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறார். கீழே நின்று குரு, "பெருசு, கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க, பழைய மீசை தெரியுது பாருங்க" என்கிறார், சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். உடுப்பும் உடம்பும் அப்படியே இருக்கிறதாம், தலையை மாற்றினால் போதுமாம். நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், பெரிய வீரன் உன் அப்பன். வேண்டாம், இறங்குங்க என்றேன். "இருக்கட்டும்ணே, நான் ஒட்டலைன்னா வேற எவனாவது கோணலா ஒட்டுவான். அளவுகூட எடுக்கல, என் பையன் தலைக்குப் போட்ட அளவே உங்க பையனுக்குச் சரியா இருக்கு" என்றார்.

வீட்டிலிருந்து போன் போட்டால் ஜீவன் எடுப்பதில்லையாம். உனக்குப் பக்கத்து அறைதானே. ஆறுதல் சொல்லாதே, என்னைப் போல் எதையாவது உளறிவிடுவாய். சாப்பாட்டுத் தட்டோடு போய் அவன் எதிரில் உட்கார், திட்டினால் வாங்கிக்கொள்.

அடுத்த வாரம் உனக்கும் கடைசி மருத்துவப் பரிசோதனை என்றாயே, அதையும் சின்னையாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் ஏணியை மடக்கிக்கொண்டே, "தெரியும்ணே, அதான் பசை கொஞ்சமா வச்சேன். உரிக்க வேண்டி வந்தா கிழியாம வரும்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தொழில் விஷயமாகத்தான் சொன்னார். இப்போது காற்றடித்தால் உன் கன்னம் ஒரு பக்கம் எழும்புகிறது, உள்ளேயிருந்து ஜீவன் சிரிக்கிறான்.

அம்மா உன் நெற்றியில் சிலுவை போடச் சொன்னாள், இந்தக் காகிதத்தின் தலையில் போட்டிருக்கிறேன். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. ஜெபத்தை மறந்தாலும் தண்ணீர் குடிக்க மறக்காதே.

தெருமுனையில் தலை நிமிராமல் நடக்கும்
உன் அப்பா,
செபாஸ்டியன்