கடற்பாசிக் குளிசை

ஒக்டோபர் 2, சனி

காலையில் நல்ல வெயில். பத்து மணிக்கே வானம் கறுத்துவிட்டது. இரண்டு குடை எடுத்தேன். மச்சாளை, காலமான அண்ணரின் மனைவியை, கொட்டாஞ்சேனைக்கு, டொக்டர் றோஸிடம் கூட்டிப் போகும் வேலை.

வெள்ளவத்தையில் ஏறிக் கோட்டை வரை ரயில், பிறகு ரிக்ஷா. பெட்டியில் எல்லோரும் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருக்க, மச்சாள் மட்டும் கம்பளிச் சால்வையைக் காது வரை இழுத்துப் போர்த்தியபடி. எதிரே இருந்த பறங்கி நோனா தன் மகளின் காதில் ஏதோ சொல்ல, இருவரும் சிரிப்பு. நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

றோஸும் நானும் சென்னையில் படித்த காலத்தில் ஒரே விடுதி அறை. இன்று அவளுக்கு மச்சாளின் முகத்தைக் கண்டதே போதுமாக இருந்தது. ஊதிய கண்மடல், மஞ்சள் பாரித்த தோல், பாதியோடு நின்றுபோன புருவம். "நாக்கை நீட்டுங்கோ அக்கா." தடித்த நாக்கு. பிறகு சின்னச் சுத்தியலால் குதிக்காலுக்கு மேல் ஒரு தட்டு. பாதம் துள்ளியது, துள்ளிய பின், யோசித்து யோசித்துத்தான் திரும்பி வந்தது.

மச்சாளை வெளியே இருத்திவிட்டு என்னிடம்:

"என்ன சரசு, எத்தனை வருஷமாப் பிள்ளையளுக்குச் சுரப்பி படிப்பிக்கிறீர்? உம்மட வீட்டிலேயே ஒண்டு நித்திரைக்குப் போயிட்டுது."

"நான் கவலை எண்டு நினைச்சன். அண்ணர் போன கவலை."

"ஊரெல்லாம் அப்பிடித்தான் நினைக்கும். கவலை வந்தால் மனுசருக்குக் குளிருமோ, கொழும்பில?"

தைரொயிட். குளிசை உண்டு. நாளுக்கு ஒன்று, உயிருள்ளவரை. இல்லாவிட்டால், ஒரு மாரியில் படுத்த படுக்கையிலேயே உடம்பு குளிர்ந்து, எழுப்ப முடியாத நித்திரை. இதை றோஸ் பகிடி இல்லாமல் சொன்னாள்.

குளிசை எதில் செய்தது என்று கேட்டேன். ஆட்டின் கழுத்துச் சுரப்பி. காயவைத்து இடித்தது. வேறு வழி இல்லையாம்.

மச்சாளோ முட்டைக் கோதைத் தெருவில் மிதித்தாலே வீட்டுக்கு வந்து தலை முழுகுபவர்.

"சொல்லாதையும்," என்றாள் றோஸ். "செபமாலை உருட்டுற நான் சொல்லுறன், பாவம் இல்லை."

திரும்பும் ரயிலில் மச்சாள், சாவி தீர்ந்த கிராமபோன் குரலில்: "இதில… என்ன… கிடக்கு… சரசு?"

"கடற்பாசி."

அயடின் அதிலும் உண்டு, இதிலும் உண்டு. முக்கால் பொய்.

ஒக்டோபர் 4, திங்கள்

மழை. வாங்க: மண்ணெண்ணெய், சவர்க்காரம், ம.வுக்குக் காலுறை.

தினமும் காலையில் நாடி பார்க்கச் சொல்லியிருக்கிறாள் றோஸ். மருந்து கூடினால் இதயம் ஓடும், கை நடுங்கும், நித்திரை போகும். குறைந்தால் இப்போது போல. இடையில் ஒரு மெல்லிய கோடு. சுகமான உடம்பு அதன் மேல் தானே நடந்துகொள்கிறது, நமக்குத் தெரியாமலே.

மணிக்கட்டு மீன் போலக் குளிர்ந்து கிடந்தது. தோல் சொரசொரப்பு. அண்ணர் இவரைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் ஒரே வீடு. இந்தக் கையை இதுவரை நான் பிடித்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் தற்செயலாக அதே பாடம். குழாய் இல்லாத சுரப்பிகள். மூளைக்கு அடியில் பயற்றங்கொட்டை அளவில் பிற்றியூட்டரி. மற்றவற்றை அதட்டி வேலை வாங்குவது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் இரண்டு, பயத்துக்கும் கோபத்துக்கும். கழுத்தில் தைரொயிட், உடம்பின் அடுப்பு எவ்வளவு எரிவது என்பது அதன் பொறுப்பு. பாடம் இங்கிலீஷில், பகிடி தமிழில்:

"மிஸ், அப்ப கோவம் வாறது எங்கட பிழை இல்லையோ?"

"ஒரு பங்கு சுரப்பி. மிச்சம் நீர்தான்."

"பெரிய மிஸ்ஸுக்கு?"

பின்வாங்கில் இருந்து: "அவவுக்கு எல்லாம் சுரப்பிதான்ரி."

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் சிரித்ததைக் கண்டார்களோ தெரியாது.

ஒக்டோபர் 12, செவ்வாய்

வெயில், புழுக்கம். எனக்கு மூன்றாம் பாட நேரத்தில் மறுபடியும் அந்தச் சூடு. நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம், காது. சேலைத் தலைப்பு நனைந்துவிட்டது. ஐம்பது நெருங்கும்போது கருப்பைக்குப் பக்கத்துச் சுரப்பிகள் கடையைச் சாத்துகின்றன. உடம்பு அதை ஒத்துக்கொள்ளாமல் ஆர்ப்பாட்டம் செய்கிறது. மருந்து: இல்லை. பொறுமை: குறைவு.

வீட்டில் யன்னல் சண்டை. நான் திறக்க, அவர் சாத்த. நான் திறக்க, அவர் சாத்த. ஒரே கூரைக்குள் எனக்கு அடுப்பங்கரை, அவருக்கு நுவரெலியா மலைக்குளிர்.

பேப்பரில் அரைப் பக்க விளம்பரம்: சுரப்பிச் சத்து, இழந்த வாலிபம் ஒரே மாதத்தில். குடித்தவர் படமும் உண்டு. கிழவர் கிழவராகத்தான் இருக்கிறார். வெட்டி எறிந்தேன். பிறகு ஒரு யோசனை. அது புளுகு என்றால் றோஸின் குளிசை மட்டும் எப்படி உண்மை? ம.விடம் மாற்றம் ஒன்றும் இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் சுளகின் மேலேயே சாய்ந்து நித்திரை.

நாடி: அதே ஆமை.

ஒக்டோபர் 24, ஞாயிறு

காலையில் சத்தம் கேட்டு எழும்பினேன். தெருப் படலை வாசலில் மச்சாள். பால்காரனோடு சண்டை, சிங்களத்தில்.

"மே கிரி நெவெய்! வத்துர! வத்துர!"

பால் இல்லை, தண்ணீர். சரிதான், மாதக்கணக்காகவே தண்ணீர்தான். கேட்க ஆளில்லாமல் இருந்தது. அவன் கோபிக்கவில்லை. என்னைக் கண்டதும் பல் தெரியச் சிரித்து, "நோனாட்ட தென் சனீபயி!" நோனாவுக்கு இப்போது சுகம். எங்கள் வீட்டுச் செய்தியை எனக்கு முதலில் சொன்னவன் பால்காரன்.

சால்வை கொடியில் கிடந்தது. மத்தியானம் யன்னலைத் தானே திறந்தார். "புழுக்கமாக் கிடக்கு, நீ எப்பிடிப் பிள்ளை இதுக்குள்ள இருக்கிறாய்?"

என்னிடம் கேட்கிறார்!

பிறகு ஒன்று. அண்ணரின் கோட்டைத் தூசு தட்டப் பெட்டியில் இருந்து எடுத்தவர், அதை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அண்ணர் போய் இரண்டு வருஷம். செத்த வீட்டில் கண்ணீர் விடாமல் கல்லுப்போல இருந்ததைச் சனம் இன்னும் கதைக்கிறது. இன்றைக்குத்தான் அழுகை வந்திருக்கிறது. அதற்கும் ஒரு சுரப்பி வேலைசெய்ய வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தேன். திருத்த வேண்டிய கொப்பிகள் அப்படியே.

நவம்பர் 3, புதன்

பி.ப. இடி. நாளைக்குக் கந்தசஷ்டி தொடக்கம். மச்சாள் சுவாமி அறையைக் கழுவி, விளக்கைப் புளி போட்டு மினுக்கி, ஒரே ஓட்டம். போன சஷ்டிக்கு எழும்பவே முடியாதவர். பாலும் பழமும் எடுக்கலாம், தண்ணீரோடு மட்டும் இருக்கக் கூடாது என்று றோஸ். ம. ஒத்துக்கொண்டார், முகத்தைச் சுழித்தபடி.

தைத்த றவிக்கை எடுக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

நவம்பர் 4, வியாழன்

மழை இல்லை. விளக்குத் திரி இருக்கிறதா என்று பார்க்கச் சுவாமி அறைக்குள் போனேன். முருகன் படத்துக்கு முன்னால், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், குளிசைப் பெட்டி. அதன் மேல் ஒரு நந்தியாவட்டைப் பூ.

"என்ன மச்சாள் இது?"

"எனக்கு உயிர் தந்தது இதுதானே. அவருக்குக் காட்டாமல் விழுங்கிறதோ? இந்த ஆறு நாளும் படைச்சுப்போட்டுத்தான் எடுக்கப்போறன்." பிறகு, வெட்கத்தோடு: "கடல்ல விளைஞ்சதெல்லே. திருச்செந்தூரும் கடற்கரைதானே."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

எனக்கு முருகனிடம் நம்பிக்கை இல்லை. வேறு யாரிடமும் இல்லை. படம் கடுதாசி, பெட்டி கடுதாசி. ஒரு கடுதாசிக்கு முன்னால் இன்னொரு கடுதாசி. அப்படித்தான் நாள் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். பின்னேரம் வந்து அறையை எட்டிப் பார்த்தேன். பெட்டி அங்கேயே. பார்க்க முடியவில்லை.

நவம்பர் 5, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல். மச்சாள் பூ ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அது கடற்பாசி இல்லை மச்சாள். ஆட்டின்ர கழுத்துச் சுரப்பி."

கை நின்றது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

"முதல் நாளே தெரியுமோ உனக்கு?"

"ஓம்."

"அப்ப இண்டைக்கு ஏன் சொல்லுறாய்?"

"அங்க வைச்சிட்டீங்கள்."

எழும்பினார். பெட்டியைச் சேலைத் தலைப்பால் பிடித்து எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். சுவாமி அறையை மறுபடியும் கழுவினார். பிறகு கிணற்றடி. வாளி இறங்குவதும் ஏறுவதும் கேட்டது, இறங்குவதும் ஏறுவதும். தலை ஈரத்தோடு என்னைக் கடந்து போனார். பால் கொண்டுபோய் வைத்தேன். குடித்தார், என்னைப் பார்க்காமல்.

நவம்பர் 6, சனி

காலை நாடி பார்க்கக் கை தரவில்லை. குளிசையும் எடுக்கவில்லை.

தனியாகக் கொட்டாஞ்சேனை. ரயிலில் நிற்கவே இடம் இல்லை. றோஸுக்குக் கோபம்.

"உம்மை ஆர் சொல்லச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை."

"சாமி இல்லையெண்டு விடுதியில என்னோட விடிய விடியச் சண்டை பிடிச்ச ஆளெல்லோ நீர்? இப்ப என்ன வந்தது?"

"அது தெரிஞ்சால் சொல்லுவன்."

விரதம் முடியும்வரை பயம் இல்லையாம். எடுத்த மருந்து உடம்பில் கொஞ்சம் தங்கும். பிறகும் எடுக்காவிட்டால், மார்கழிக்குள் பழைய சால்வை, பழைய நித்திரை. அதற்குப் பிறகு என்ன என்று முதல் நாளே சொல்லிவிட்டாள், இன்று சொல்லவில்லை.

வழக்கம்போல மீன் கட்லற் வைத்தாள். அவள் வீட்டில் நான் மீன் சாப்பிடுவது மச்சாளுக்குத் தெரியாது. இன்று வாய்க்குப் பிடிக்கவில்லை. விரதம் ஒன்றும் இல்லை. பிடிக்கவில்லை.

நவம்பர் 8, திங்கள்

தூறல். பள்ளிக்கூடத்தால் வர, மச்சாள் விறாந்தையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளில் முதல் பேச்சு அவருடையது.

"அந்த ஆட்டை இதுக்காகவோ அறுக்கிறவங்கள்?"

"இல்லை. இறைச்சிக்கு. சுரப்பி எறியிற சாமான்."

"என்ர கழுத்திலயும் அதே சாமானோ?"

"அதே. அதே இடம், அதே சாறு. ஆட்டில இருந்து வந்ததெண்டு உடம்புக்குத் தெரியாது."

"உடம்புக்குத் தெரியாது," என்றார். "எனக்குத் தெரியுமே."

ஒரு சுளையை என் பக்கம் தள்ளினார். பிறகு:

"உன்ர அண்ணருக்குச் சீனி வியாதிக்கு நீ காலமை காலமை ஊசி போட்டனியெல்லே. அது எதில எடுத்தது?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஒரு தோடம்பழச் சுளை விழுங்கும் நேரம்.

"மாட்டில. வயித்துக்குப் பின்னால ஒரு சுரப்பி. இன்சுலின்."

"சிவசிவா." உரித்த தோலைக் கீழே வைத்துவிட்டு: "அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர்."

"என்னவாம்?"

"'அவள் குடுத்த சோத்தையும் நான் சாப்பிட வேணும், உயிரோடயும் இருக்க வேணும். ரெண்டும் வேணும் சரசு' எண்டவர்."

மச்சாள் தோல்களைக் கூட்டி அள்ளினார். தெருவில் "மாளு! மாளு!" என்று மீன்காரன் போனான். வழக்கமாக மூக்கைப் பொத்துபவர், இன்று அவன் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நவம்பர் 9, செவ்வாய்

சூரன்போர். மச்சாள் பக்கத்து வீட்டாரோடு கோயிலுக்குப் போய் வந்தார். மழையில் நனைந்திருந்தார். "சனம் சொல்லி வேலையில்லை," என்றார். குரலில் கரகரப்பு. சனத்துக்குள் கத்தியதாலா, குளிசை எடுக்காததாலா? கொடியில் இருந்து சால்வையை எடுத்துப் போர்த்துவாரோ என்று பார்த்தபடியே இருந்தேன். போர்த்தவில்லை. எடுத்து மடித்து, திரும்பவும் கொடியில் போட்டார்.

நாளைக்குப் பாறணை, விரதம் முடிக்கும் நாள்.

நவம்பர் 10, புதன்

வெளுத்த வானம். நான் எழும்பும்போதே குளித்து, சமைத்து, படைத்து முடித்திருந்தார். பாறணைச் சோறு வாழையிலையில். எனக்கும் ஒரு இலை. பேசாமல் சாப்பிட்டோம்.

நான் விறாந்தையில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்க, செம்பில் தண்ணீரோடு வந்து நின்றார்.

"எங்க அது?"

"எது?"

"என்ன எது. கொண்டு வா. உள்ளுக்குள்ள வேண்டாம், இங்கயே."

மேசையில் இருந்து எடுத்து வந்து நீட்டினேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், தடுப்பூசிக்கு நிற்கும் பிள்ளை போல.

"நான் தொடமாட்டன். அவருக்கு நீதானே போட்டனீ. எனக்கும் நீயே போடு. பாவம் உனக்கு."

"எனக்கு அதில நம்பிக்கை இல்லையே மச்சாள்."

"அதுதானே வசதி. உனக்குப் பாரம் தெரியாது. தூக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

"நான் சாகுமட்டும். நீ முதல் போனால் அந்த வேதக்காரப் பிள்ளையைக் கேக்கிறன்."

கண்ணை மூடி வாயைத் திறந்தார். நாக்கில் வைத்தேன். விரல் பட்டது, சூடு. தண்ணீர் குடித்தார், கொப்பளித்து முற்றத்தில் துப்பினார், இன்னொரு தரம் குடித்தார். "போ, ரயில் போயிடும்," என்று உள்ளே போய்விட்டார்.

ரயில் போய்விட்டது. அடுத்ததில் நின்றபடி பயணம். வலது கை ஆள்காட்டி விரலைப் பள்ளிக்கூடம் வரை எதிலும் படாமல் பிடித்திருந்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை. முதல் பாடம் கரும்பலகையில் இடது கையால். எழுத்தெல்லாம் கோணல். பிள்ளைகள் சிரித்தார்கள்.