கட்டிலின் மறுபாதி

கண்ணு, பையை வைத்துவிட்டு இப்படி உட்கார். ஒரு கதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

ஒரு வீட்டில் ஓர் அம்மா. கட்டிலின் ஒரு பாதியில் துணிமூட்டையும் போர்வையுமாகக் குவித்துவிட்டு, மீதியில் ஒருக்களித்துப் படுப்பாள். நேற்று மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இது கட்டிலா, குடோனா? டாக்டர் உன்னை நல்லா தூங்கச் சொன்னாரும்மா!"

"தொட்டுப் பாரு, கையை ஒடிக்கிறேன்!" என்றாள் அம்மா. அதோடு பேச்சு நின்றுபோனது.

அந்தத் துணிகள்மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை. அப்பா தவறிப்போன புதிதில், தூக்கத்தில் அந்தப் பக்கம் நீண்ட கை வெறும் மெத்தையில் விழுந்தது. பதறி எழுந்தவள் மறுநாளே அங்கே துணிகளை அடுக்கினாள். கைக்கு ஏதாவது தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை; திட்டத்தான் வந்தது.

இன்று மகளே எல்லாவற்றையும் எடுத்துவிடட்டும். அதைப் பார்க்கத் தெம்பில்லாமல்தான் அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போகிறாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவாள்.

பழைய துணி வாங்குபவர் மாலையில் வருவார். அப்பாவின் சட்டைகளையும் கொடுத்துவிடு. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடு.

சொல்ல மறந்தேன்: இன்று ராத்திரி உன் தலையணையோடு அந்தப் பக்கம் வந்து படுத்துக்கொள். கொஞ்ச நாளைக்குத்தான், பழகிக்கொள்வேன். தூக்கத்தில் நீ உதைத்தாலும் பரவாயில்லை.

நீ வாழப்போகும் வீட்டில், எந்நேரம் கூப்பிட்டாலும் "ம்" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும், தாயே.