வெற்றிக்கொடி ஏற்ற மறுத்து ஆட்டமுத்திரையாள் பேரமைச்சருக்கு விடுத்த ஓலை

திரை ஓயாத் தென்கடலும் முகில் நீங்கா வடமலையும் எல்லையாக, இடையே நெல்லும் உப்பும் குறைவின்றி விளையும் வேம்பலை நாட்டின் பேரமைச்சர், மும்முரசுடைய மன்னரின் வலக்கை, மேலைமதில் கல்லூரியின் புரவலர், நன்னிமாறனார் திருமுன்னர்: கழிமுகக் கல்லூரியில் இவ்வாண்டு பட்டம் பெற்றோருள் முதலாவதாக நின்று, அதனால் இப்பருவப் பந்தாட்டத்தின் நடுவராக ஆட்டமுத்திரை ஏற்ற வெண்ணி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை நிலைக்க. தங்கள் குடி தழைக்க. தங்கள் ஊர்க் கிணறுகள் இனிக்க. தங்களுக்குரிய பட்டங்கள் இன்னும் பதினொன்று உள. ஓலை சிறிது, விட்டுவிட்டேன்.

என் தந்தை உப்பளத்தில் பாத்தி மிதிப்பவர். எங்கள் குடியில் எழுத்தாணி பிடித்த முதற்கை என்னுடையது. ஆகவே வளைத்து எழுதும் நயம் எனக்கு வராது. தாங்கள் பொறுத்தருள வேண்டும்; பொறுக்காவிட்டாலும் படித்தருள வேண்டும்.

தங்கள் ஓலை நேற்று முற்பகல் வந்தது. இறுதியாட்டத்தில், இலக்குக்கு முன் நிற்கும் எங்கள் கடைக்காவலன் தழும்பன் ஈரத்தரையில் தானே வழுக்கி வீழ்ந்தான் என்று பருவக்குறிப்பில் நான் எழுத வேண்டும் என்றும், மேலைமதிலின் வெற்றிக்கொடியை உடனே ஏற்ற வேண்டும் என்றும், மறுத்தால் அடுத்த பருவம் கழிமுகத்தார் பந்தைத் தொடலாகாது என்றும் அதில் அருளியிருந்தீர்கள்.

எங்கள் பதினொருவர் நான்கு ஆட்டங்களை வென்றே இறுதிக்கு வந்தனர். மலையடிக் கல்லூரியோடு ஆடியபோது எங்கள் ஆள் ஒருவனுக்கு மூன்று பற்கள் போயின. இரத்தத்தோடு அவற்றைத் துப்பிவிட்டு அடுத்த பந்தைத் தலையாலே இலக்கில் முட்டினான். ஆற்றங்கரையாரோடு மழையில் மண்டையும் மண்டையும் மோதிச் சாய்ந்த இருவரில் ஒருவன் இரண்டு நாள் தன் பெயரையே மறந்திருந்தான். நாங்கள் மட்டும் பூப்பறிக்கப் போனோம் என்று சொல்லவில்லை. கோட்டைவாயில் கல்லூரி அணித்தலைவரின் விலாவை முறித்தவன் இதே தழும்பன்தான். அதற்காக அவனை ஓராட்டம் வெளியே உட்கார வைத்தவள் நான்தான். அடிபடாமல் பந்தாட முடியாது என்பது எனக்குத் தெரியும்.

இறுதியாட்டத்தில் நடந்தது அது அன்று.

ஆட்டத்துக்கு முன் இருபத்திருவரும் கால் கழுவி, வெறும் பாதத்தை முத்திரையாளுக்குக் காட்டுவது நம் நாட்டு வழக்கம். மேலைமதில் அணித்தலைவரும் தங்கள் திருமகனுமாகிய இளவெயினர் வலக்காலில் பட்டுத்துணி சுற்றி வந்தார். புண் என்றார். பேரமைச்சர் மகனின் புண்ணை உப்பளத்தாள் அவிழ்த்துப் பார்ப்பதா என்று நான் ஒரு கணம் கூசினேன்; விட்டேன். இப்பருவத்தில் நான் செய்த பிழை அது. அதைப் பருவக்குறிப்பில் என் பெயரிட்டே எழுதியிருக்கிறேன்.

அணிக்கு இரண்டு இலக்கு என்று ஆட்டம் நின்றபோது தழும்பன் பந்தைத் தடுக்கச் சறுக்கினான். பந்து அவனைத் தாண்டிப் போய்விட்டது. போன பிறகு இளவெயினர் திரும்பி வந்து, கிடந்தவனின் முழங்காலுக்குக் கீழே வலக்காலால் மிதித்தார். ஒருமுறை அன்று, மூன்று முறை. மூன்றாம் மிதியில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. பட்டுத்துணியும் கிழிந்தது, உள்ளே இரும்புப் பூண் இருந்தது.

அப்போது அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: "எந்திரிடா. இந்த மிதிக்கே ஒடஞ்சிட்டா நாளைக்கு எப்படிடா உப்பு மிதிப்ப?" தங்கள் மேடைக்குக் கீழே இருந்த கூட்டம், "மூட்டை அவுந்துபோச்சுடோய், அள்ளிக்கிட்டுப் போங்க!" என்று கூவிச் சிரித்தது.

நான் முத்திரையை உயர்த்தினேன். உயர்த்தினால் சங்கு ஊத வேண்டும். ஊதினால் ஆட்டம் நிற்க வேண்டும். சங்கூதி என் கையைப் பார்க்கவில்லை. தங்கள் முகத்தைப் பார்த்தார். தாங்கள் விரலை அசைத்தீர்கள், ஆடட்டும் என்று. கிடந்தவனைத் தாண்டிக் குதித்துப்போய்த் தங்கள் திருமகன் மூன்றாவது இலக்கை அடித்தார். அதன் பிறகே சங்கு ஒலித்தது.

அன்று மாலை மருத்துவர் தழும்பனின் காலை முழங்காலோடு அறுத்தார். நான்கு பேர் அவனை அழுத்திப் பிடித்தோம். வாயில் திணித்த துணியைத் துப்பிவிட்டு அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, பந்து உள்ள போச்சா?"

"போகலடா" என்றேன்.

தங்கள் ஓலையைப் படித்த பின் ஆட்டச் சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். படிப்பதற்குத்தானே என்னைப் பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். முதல் ஆட்டம் தொடங்கி வெற்றிக்கொடி ஏறும்வரை பந்தாட்டக் களத்தைப் பற்றி ஆட்டமுத்திரை சொல்வது மன்னர் சொல் என்றும், அதை அமைச்சரும் மீறலாகாது என்றும் அதில் இருக்கிறது. கொடி இன்னும் ஏறவில்லை. பருவம் முடியவில்லை. முடியாத பருவத்துக்கு அடுத்த பருவம் ஏது? எங்களைத் தாங்கள் எதிலிருந்து விலக்குவீர்கள்?

ஆகவே ஆணை யாதெனில்: வரும் வெள்ளியன்று பிற்பகல், இரண்டுக்கு இரண்டு என்ற கணக்கில், நின்ற இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். இளவெயினர் களத்தில் கால் வைக்கலாகாது. அவர் பூணை மன்றத்தில் ஒப்படைத்து, மன்னர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லக் காவலில் இருப்பார். மற்ற பத்துப் பேரின் பாதத்தையும் என் கையால் தொட்டுப் பார்ப்பேன். சங்கு என்னிடம் இருக்கும். மேடை இராது, தாங்கள் எழுந்தருள விரும்பினால் எல்லோரோடும் தரையில் அமரலாம்.

இவ்வோலையின் படி மன்னருக்கும் மற்ற நான்கு கல்லூரிகளுக்கும் போய்விட்டது. கிழித்துப் பயனில்லை.

தை மாதம் பத்தொன்பதாம் நாள், கழிமுகத்திலிருந்து, அரக்கு வைத்து ஆட்டமுத்திரை ஒற்றினேன். முத்திரை உயர்ந்த பின் அடித்தது இலக்காகாது. பந்து உள்ளே போகவில்லை.