பேப்பர் அண்ணன்

அன்பு மகளுக்கு,

நேற்று பதுளை பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்ததைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

மண் சரிந்து தேயிலைத் தோட்டத்து நம்ம லயத்து வீடு போன பிறகு மாமா வீட்டில் இருக்கிறேன் என்று போனில் சொன்னது பொய். வீடில்லாதவர்களே விற்றுப் பிழைக்கிற 'தெருவோரம்' பேப்பரை விற்கிறேன். மூன்றாம் பக்கத்து ஊர்வம்பும் என் கைவேலைதான். சிவப்பு ஜாக்கெட் வேறு தந்திருக்கிறார்கள். தபால்பெட்டிக்குத் தொப்பை வைத்த மாதிரி இருப்பேன்.

அதனால்தான் உன் வருங்கால மாமியார் நேராக என்னிடம் வந்தார். பேப்பரை வாங்கிக்கொண்டு, நம்ம ஆட்கள் எல்லோரும் கேட்பதைக் கேட்டார்: "எந்தத் தோட்டம்ங்க நீங்க?"

பின்னால் நின்ற உன் முகத்தைப் பார்த்தேன். "பூனாகலைங்க" என்று வாய்க்கு வந்த வேறு தோட்டத்தைச் சொன்னேன்.

"எங்களுக்கு மருமகளா வரப்போற புள்ள ஸ்பிரிங்வெளி. பாவம், அப்பா மண்சரிவுல போயிட்டாரு."

நான் செத்த சேதி எனக்கே அப்போதுதான் தெரியும். "அடடா, தங்கமான மனுசனா இருந்திருப்பாரு" என்று துக்கமும் விசாரித்தேன்.

"வாங்க அத்தே, அண்ணனுக்கு யாவாரம் கெடுது" என்றாய். அண்ணனாம்! ஒரே நொடியில் என்னை இளந்தாரி ஆக்கிவிட்டாய். உன் குரல்தான் உடைந்து போயிருந்தது.

அழாதே. கல்யாணத்தன்று என் படத்துக்கு மாலை போட வேண்டுமே. இருந்த படமெல்லாம் மண்ணோடு போய்விட்டது. பேப்பர்க்காரர்கள் தந்த அடையாள அட்டையிலிருந்து என் படத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தெரியாது, கழுத்தோடு வெட்டிவிட்டேன். உன் மாமியார் பார்த்ததும் ஜாக்கெட்டைத்தான், முகத்தை இல்லை.

மல்லிகை மட்டும் வேண்டாம்மா. எனக்குத் தும்மல் வரும்.

இப்படிக்கு,
பூனாகலைப் பேப்பர் அண்ணன்